நூறு பேருக்கு எத்தனை லைன்?

நூறு பேர் வேலை செய்யும் அலுவலகம். ஆளுக்கொரு தொலைபேசி எக்ஸ்டென்ஷன் உண்டு. வெளியே பேச எத்தனை லைன் வாங்க வேண்டும்? நூறு வாங்கினால் காசைக் கரியாக்குவதாகும். இரண்டே வாங்கினால் காலை பதினொரு மணிக்கு ஒருவருக்கும் லைன் கிடைக்காது. இடைப்பட்ட எந்த எண் சரி என்று பெரும்பாலான இடங்களில் யாரும் கணக்குப் போடுவதில்லை. எக்ஸ்டென்ஷன்களை வெளி லைன்களோடு இணைக்கும் இயந்திரமான இபிஏபிஎக்ஸ் பெட்டியில் செருகும் அட்டையில் லைன் இணைக்க எட்டு போர்ட் இருக்கிறது, ஆகவே எட்டு லைன்! இத்தனைக்கும், இந்தக் கணக்குக்கு விடை கிடைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

விடை சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் அக்னர் கிராருப் எர்லாங். 1908-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வந்து விழுகின்றன, அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று மறு ஆண்டே எழுதினார். 1917-ல், இத்தனை லைனுக்கு இத்தனை அழைப்புகள் திரும்பிப் போகும் என்று சொல்லும் சூத்திரத்தையும் வெளியிட்டார். இன்று அழைப்பு நெரிசலை அளக்கும் அலகுக்கே எர்லாங் என்றுதான் பெயர்.

ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். நம் அலுவலகத்தில் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 80 வெளி அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். மொத்தம் 240 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 4 எர்லாங். அதாவது சராசரியாக எந்த நொடியிலும் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் நான்கு லைன் போதுமே என்று தோன்றும். இங்கேதான் சராசரி காலை வாரிவிடுகிறது. நான்கு லைன் வைத்தால் நூற்றுக்கு 31 அழைப்புகளுக்கு இடம் கிடைக்காது. ஒரு நிமிடம் இரண்டு பேர் பேசுவார்கள், அடுத்த நிமிடம் ஏழு பேருக்கு லைன் வேண்டியிருக்கும். சும்மா கிடந்த நிமிடத்தைச் சேர்த்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது.

எர்லாங்கின் சூத்திரம் பார்ப்பதற்கு மிரட்டும். ஆனால் அதைப் படிப்படியாகப் போட ஒரு சாதாரணக் கால்குலேட்டர் போதும். லைனே இல்லையென்றால் இழப்பு 1, அதாவது எல்லா அழைப்பும் போச்சு. ஒரு லைன் சேருங்கள்: முந்தைய இழப்பை 4 எர்லாங்கால் பெருக்கினால் 4; அதோடு லைன் எண்ணிக்கை 1-ஐக் கூட்டினால் 5; நான்கை ஐந்தால் வகுத்தால் 0.8. இரண்டாவது லைன்: 0.8-ஐ நான்கால் பெருக்கி 3.2, அதோடு 2 கூட்டி 5.2, வகுத்தால் 0.615. இப்படியே போனால் எட்டாவது லைனில் இழப்பு 3 சதவீதம், ஒன்பதில் 1.3, பத்தில் 0.5. நூற்றுக்கு ஒன்று போகலாம் என்பது வழக்கமான இலக்கு. ஆக, பத்து லைன். ஒருவர் பத்து நிமிடம் பேசி இன்னொருவர் பத்து நொடியில் வைத்துவிட்டாலும் கவலையில்லை, சராசரி மாறாதவரை விடையும் மாறாது. இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

இனி கணக்கு அலுவலர் வருவார். இயந்திரம் எப்போதும் முதல் லைனிலிருந்தே காலியிடம் தேடும்படி அமைத்திருந்தால், முதல் லைன் மணிக்கு 48 நிமிடம் உழைக்கும், பத்தாவது லைன் இரண்டு நிமிடம்கூட உழைக்காது. "இதற்கு எதற்கு மாதாமாதம் வாடகை?" என்பார். அதைத் துண்டித்தால் திரும்பிப் போகும் அழைப்புகள் இரண்டரை மடங்காகும். அந்த இரண்டு நிமிடம், மற்ற ஒன்பதும் நிரம்பி வழிந்த இரண்டு நிமிடம்.

தேடும் திசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பு முதல் லைனிலிருந்து ஏறுவரிசையில் வந்தால், உள்ளிருந்து போகும் அழைப்பைக் கடைசி லைனிலிருந்து இறங்குவரிசையில் தேட வைப்பார்கள். இல்லையென்றால் நீங்கள் 0 அழுத்தி லைன் எடுக்கும் அதே நொடியில் அதிலேயே யாரோ அழைத்திருப்பார், டயல் டோனுக்குப் பதிலாக "ஹலோ, மேனேஜர் இருக்கிறாரா?" என்று கேட்கும்.

பெரிய தவறு நடப்பது லைன்களைப் பங்குபோடும்போது. ஒரே மாடியில் இரண்டு நிறுவனங்கள், இயந்திரம் பொது. ஆளுக்கு 2 எர்லாங் நெரிசல். சண்டை வேண்டாம் என்று ஐந்து ஐந்தாகப் பிரித்தால் இழப்பு 3.7 சதவீதம். அதே பத்து லைனைப் பொதுவில் விட்டால் 0.5 சதவீதம். பிரித்ததற்குத் தண்டனை ஏழு மடங்கு. ஒருவருக்கு நெருக்கடியாக இருக்கும் நேரத்தில் அடுத்தவருடைய லைன் சும்மா கிடக்கிறது, அதைத் தொட அனுமதி இல்லை. பில்லைப் பிரிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றால், எந்த எக்ஸ்டென்ஷன் எப்போது எத்தனை நிமிடம் பேசியது என்று இயந்திரமே பதிவு வைக்கிறது. பில்லைப் பிரியுங்கள், லைனைப் பிரிக்காதீர்கள்.

அந்தப் பதிவை நம்பி அளக்கும்போதும் ஏமாற வாய்ப்புண்டு. நாள் மொத்தத்தை எட்டு மணி நேரத்தால் வகுக்கக் கூடாது, நெரிசல் மிகுந்த மணி நேரத்தைத் தனியே எடுக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும், பில்லில் வராவிட்டாலும் லைன் அப்போதும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், இடம் கிடைக்காத அழைப்பு பேச்சுப் பதிவில் ஏறுவதே இல்லை. மேலே சொன்ன நான்கு லைன் அலுவலகத்தில் பதிவு 2.76 எர்லாங் என்றுதான் காட்டும். "மூன்றில் ஒரு பங்கு சும்மா இருக்கிறதே" என்று படிப்பவர் மகிழ்வார். எல்லா லைனும் நிரம்பிய தருணங்களைத் தனியாக எண்ணும் கணக்கு பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு, அதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எண்கள் ஒதுக்கும்போது கணக்கைவிடக் கவனம் முக்கியம். எக்ஸ்டென்ஷனை 1-ல் தொடங்கி 112 என்று யாருக்காவது கொடுத்துவிட்டால், அவசர உதவிக்கு அழைப்பவருக்கு மாடிப்படி அருகே இருக்கும் ஸ்டோர் ரூம் பதில் சொல்லும். 2013-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது சிறுமி அந்நாட்டின் அவசர எண்ணான 911-ஐ மீண்டும் மீண்டும் அழுத்தியும் அழைப்பு போகவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். தாய் இறந்துபோனார். முன்னொட்டு இல்லாமலே 911 போக வேண்டும் என்று 2018-ல் அங்கே சட்டம் வந்தது. உங்கள் இயந்திரத்தில் 112 நேராகப் போகிறதா என்று இன்றே அமைப்பைத் திறந்து பாருங்கள்.

லைன் இல்லையென்று திருப்பி அனுப்பாமல் இசை போட்டுக் காக்க வைக்கும் இடங்களுக்கு எர்லாங் வேறொரு சூத்திரம் தந்தார். அதே 4 எர்லாங், பதில் சொல்ல ஐந்து பேர் என்றால், அழைப்பவர்களில் பாதிக்கு மேல் காத்திருப்பார்கள். எல்லாருக்குமாகச் சராசரி காத்திருப்பு 100 நொடி. ஆறாவதாக ஒருவரை உட்கார வைத்தால் அது 26 நொடியாகக் குறையும். நான்கு பேர்தான் என்றால், கோட்பாட்டின்படி அந்த வரிசை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும்.