போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்

"பைக்கின் கிளட்ச் கவரில் ஆயில் கசிந்தது. புது கேஸ்கெட் போட்டு, போல்ட்களை நன்றாக இறுக்கினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கசிகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?" ஒரு வாசகரின் கேள்வி இது.

வேண்டாம். கசிவுக்குக் காரணமே அந்த இறுக்கமாக இருக்கலாம்.

எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் உலோகப் பரப்பில் மேடுபள்ளம் இருக்கும். கவரையும் எஞ்சினையும் அப்படியே சேர்த்து வைத்தால் அந்தப் பள்ளங்கள் வழியாக ஆயில் வழி கண்டுபிடித்துவிடும். நடுவில் வைக்கும் கேஸ்கெட் நசுங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கேஸ்கெட்டை வருடக்கணக்கில் அழுத்திப் பிடித்திருப்பது எது?

போல்ட்டின் நீட்சி! இறுக்கும்போது போல்ட் உண்மையிலேயே நீள்கிறது. இழுத்து நீட்டிய ரப்பர் பேண்டைப் போலத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் கவரை எஞ்சினோடு சேர்த்து அழுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கவர்களில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் போல்ட்கள்தான் இருக்கும். அவற்றை ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்குவார்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதத்தைத் தலையடியிலும் மரையிலும் உள்ள உராய்வே தின்றுவிடும். மிஞ்சியதை வைத்தே அந்தச் சின்ன போல்ட் 8,000 நியூட்டன் விசையில், அதாவது 800 கிலோ எடையைத் தொங்கவிட்டதைப் போல, இழுத்துப் பிடிக்கிறது. அதற்காக அது எவ்வளவு நீள்கிறது? பிடிப்பு நீளம், அதாவது தலைக்கும் மரைக்கும் நடுவே இழுபடும் பகுதி, 30 மில்லிமீட்டர் என்றால் நீட்சி வெறும் 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன்! முதல்முறை இந்த விடை வந்தபோது நம்பாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

கேஸ்கெட் ஏன் தோற்கிறது என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள காகித கேஸ்கெட் நாளாவட்டத்தில் 0.03 மில்லிமீட்டர் அமுங்கினாலே போல்ட்டின் பிடியில் பாதி வரை போய்விடும். யாரும் எதையும் கழற்றியிருக்க மாட்டார்கள், ஆனால் அழுத்தம் குறைந்திருக்கும். ஒன்று கசிகிறதே என்று இரண்டு கேஸ்கெட்டை அடுக்கிப் போடுவது தவறு என்பதும் இதனால்தான். தடிமன் கூடக்கூட அமுங்கலும் கூடும்.

இதில் வெப்பத்தின் பங்கும் உண்டு. கவர் அலுமினியம், போல்ட் எஃகு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது. எஞ்சின் 80 டிகிரி சூடேறினால், நாம் எடுத்துக்கொண்ட 30 மில்லிமீட்டரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.025 மில்லிமீட்டருக்கு மேல். விரியும் கவர் போல்ட்டை மேலும் இழுக்கிறது, கேஸ்கெட் மேலும் நசுங்குகிறது. ஆறிய பிறகு நசுங்கிய காகிதம் முழுதாக எழும்புவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கிறது.

சரி, கூடுதலாக இறுக்கினால்? போல்ட்டுக்குப் பக்கத்தில் கேஸ்கெட் பிதுங்கும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் கவரின் விளிம்பு வில்லாக வளைந்து மேலெழும். ஆயில் வெளியேறுவது அந்த நடுப்பகுதியில்தான். அதற்கும் மேல் போனால் அலுமினிய மரை போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் எஞ்சினைத் துடைத்து, கவரின் விளிம்பில் முகப்பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும் என்பதால் ஈரம் தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேவிடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி நல்ல கேஸ்கெட்டையும் மீறி ஆயிலைத் தள்ளும்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் சுரண்டி போதும். குறுகிய பிளவில் ஆயில் ஓடும் அளவு பிளவின் உயரத்தின் முப்படியைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. குறுக்கே விழும் ஒரு கீறல் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று பாருங்கள்.

கசிவை அடைக்கும் பசையான சீலன்ட்டை அள்ளிப் பூசும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. உள்ளே பிதுங்கிய துணுக்கு உடைந்து ஆயில் வடிகட்டியை அடைத்தால், கசிவை விடப் பெரிய சேதம் வரும். மானுவல் சொல்லும் இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவினால் போதும்.

1986இல் சேலஞ்சர் விண்ணோடம் அழிந்ததும் இதே வகைக் கோளாறால்தான். அதன் ராக்கெட் இணைப்பை அடைத்திருந்த, குளிரில் விறைத்த ரப்பர் வளையம் அமுக்கத்திலிருந்து வேகமாக மீளவில்லை. அவ்வளவு பெரிய பாடத்துக்குப் பிறகும், கசிவு, உராய்வு போன்ற அன்றாடப் பிரச்சினைகளின் ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போல்ட்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில், முறுக்கை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து மானுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அப்புறம் சில நாள் ஓட்டி, எஞ்சின் முழுதாக ஆறியதும் அதே அளவில் ரெஞ்ச்சை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு போல்ட் சற்றே திரும்பினால், கேஸ்கெட் அமுங்கியபோது அது இழந்த நீட்சியைத்தான் திரும்பப் பெறுகிறது.