ஆர்க்கைவ்: ஆவணப்படுத்தலா, பரணிடலா?

மெயில் சர்வரில் இரவுதோறும் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் நிரல்) ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் அது. 180 நாள் தாண்டிய மின்னஞ்சல்களை அஞ்சல்கள் வந்து சேரும் மெயில்டிர் அடைவிலிருந்து எடுத்து, மாதவாரியாக வேறொரு அடைவில் போட்டுச் சுருக்கி வைக்கும். முடிந்ததும் பதிவில் ஒரு வரி: ‘412 மின்னஞ்சல்கள் ஆவணப்படுத்தப்பட்டன.’ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு, “அந்த ஆவணம் எங்கே சார்?” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ‘ஆர்க்கைவ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படி மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் ‘ஆர்க்கே’ என்றால் ஆட்சி. அதிலிருந்து ஆட்சியாளரின் அலுவலகத்துக்கு ஒரு பெயர். அங்கிருந்த ஏடுகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டு, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1971இலேயே, கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ‘ஏஆர்’ கட்டளை உண்டு; ஆர்க்கைவின் சுருக்கம்தான் அது. ‘டார்’ என்பதும் ‘டேப் ஆர்க்கைவ்’தான்.

சரி, ஆவணப்படுத்து என்றால் என்ன? நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டு எழுதிவைப்பது ஆவணப்படுத்தல். பதிவே இல்லாத ஒன்றுக்குப் பதிவு உண்டாக்குவது. மின்னஞ்சலோ வரும்போதே ஆவணம். அதை இன்னும் என்னவென்று ஆவணப்படுத்துவது?

ஆர்க்கைவுக்குச் சொல்லப்படும் இன்னொரு சொல்லான ‘காப்பகப்படுத்து’ இதைவிட ஆபத்து. பேக்கப்புக்கு நாம் ஏற்கெனவே காப்பு நகல் என்கிறோம். பேக்கப் எடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஸ்கிரிப்டோ மூலத்தையே நகர்த்துகிறது. இரண்டுக்கும் ‘காப்பு’ என்றே தொடங்கும் சொல் இருந்தால், நகல் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நம்பி யாராவது அந்த அடைவையே அழித்துவிடுவார்.

அதனால் நான் சொல்வது ‘பரணிடு’. பரண் நமக்குத் தெரிந்த இடம். அன்றாடம் வேண்டாதது, ஆனால் தூக்கிப்போட மனசு வராதது அங்கே ஏறும். தேவைப்பட்டால் ஏணி போட்டு எடுப்போம். தமிழ் விக்கிப்பீடியாவின் மேற்கோள்களில் ‘பரணிடப்பட்டது’ என்று புழக்கத்திலும் இருக்கிறது. பரண் என்றால் ஒட்டடையும் பழைய சாமானும்தானே என்று முகம் சுளிப்பவர்கள், ஆறு மாதத்துக்கு முந்தைய தங்கள் அஞ்சல்களைத் திறந்து பார்க்கட்டும். ஏடுகள் காக்கும் நிறுவனத்துக்கு ஆவணக் காப்பகம் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

எரிச்சல் மொழிபெயர்க்கும் முறையின் மேல்தான். மொழிபெயர்ப்பவருக்குத் தரும் அட்டவணைக் கட்டத்தில் ஒற்றைச் சொல் வரும். அது பெயரா வினையா, பொத்தானா தலைப்பா என்று கேட்காமலே அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். இதே ஸ்கிரிப்டில், பழைய அஞ்சலை மறுபடி உள்பெட்டிக்குக் கொண்டுவரும் கட்டளைக்கு வைத்திருந்த பெயர் ‘ஆவணநீக்கம் செய்’. அதைத் தட்ட யாருக்குக் கை வரும்? ‘பரணிலிருந்து இறக்கு’ என்று மாற்றி வைத்திருக்கிறேன்.