‘றெண்டர்’: சொல் வந்த வழியும், ‘புனைபடம்’ என்ற தமிழும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவருக்குப் பிளான் கைக்கு வரும் முன்னரே ஒரு வண்ணப்படம் வந்துவிடுகிறது. காணி கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ இருக்கும். பணம் இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும். நடுவில் அந்தப் படம் வட்ஸ்அப்பில் போய்வரும். பிளான் கீறுகிற பிள்ளைகள் அதை ‘றெண்டர்’ என்கிறார்கள். “றெண்டர் அனுப்பியிருக்கிறேன் அண்ணை, அக்காவுக்கும் காட்டுங்கள்” என்ற வாக்கியத்தில் எவருக்கும் எதுவும் விளங்காமல் போவதில்லை. ஆனால் அந்தப் படம் என்ன வகையானது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. இத்தனை பேருடைய சேமிப்பு ஒரு படத்தை நம்பிச் செலவாகும்போது, அந்தப் படத்தின் பெயர் நமக்கு விளங்கும் பெயராக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பொருள். கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியுருவைக் கணினியில் கட்டிக்கொள்கிறார்கள். சுவருக்கு இன்ன நிறம், தரைக்கு இன்ன மாபிள், யன்னலுக்கு இன்ன கண்ணாடி என்று குறிக்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் மென்பொருள், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நிறம் விழும் என்று கணக்கிடுகிறது. அந்தக் கணக்கிடலுக்கும் றெண்டர் என்றே பெயர். கணக்கின் முடிவில் கிடைக்கும் படத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் சுவரின் வெளிப்பூச்சையும் இதே சொல்லால் குறிப்பார்கள். நம்முடைய மேசன்மார் அதைப் பூச்சு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பதால் அங்கே குழப்பம் இல்லை.

சொல்லின் வேர் இலத்தீன். ‘றெட்டரே’ என்றால் திருப்பிக் கொடுத்தல். ‘றெ’ என்பது மீள, ‘டரே’ என்பது கொடுத்தல். பழைய பிரெஞ்சில் அது ‘றொந்த்ர்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கணக்கு ஒப்புவித்தல், உதவி செய்தல், கொழுப்பை உருக்கி எடுத்தல், ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்த்தல் என்று அங்கே அது பல வேலை செய்கிறது. எல்லாவற்றிலும் ‘ஒன்றை எடுத்து வேறு வடிவில் ஒப்படைத்தல்’ என்ற கருத்து ஓடுகிறது. அந்த ‘டரே’யும், வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘தானம்’ என்ற சொல்லும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை.

கட்டடக்கலைக்குள் இந்தச் சொல் ஊன்றிய இடங்களில் முக்கியமானது பாரிஸ் நகரின் நுண்கலைக் கல்லூரி. அங்கே மாணவர் முதலில் விரைவாக ஒரு மாதிரிக் கீறல் கீறிக் கொடுப்பார். பின்னர் அதையே விரித்து, மையைத் தண்ணீரில் கரைத்துத் தட்டுத்தட்டாகப் பூசி, நிழல் விழுத்தி, முடிந்த படமாக ஒப்படைப்பார். ஒப்படைக்கப்பட்ட அந்தப் படம் ‘றொந்து’. அதைச் சேகரிக்கக் கைவண்டி ஒன்று வருமாம்; வண்டி வந்த பிறகும் மாணவர்கள் அவசர அவசரமாகத் தீட்டிக்கொண்டிருப்பார்களாம். இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் கடைசி நேர வேலையை அந்த வண்டியின் பெயரான ‘ஷரெத்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். ஓரிரு நாள் கூடியிருந்து வடிவமைக்கும் பட்டறைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அந்தப் படங்களில் ஒரு வழக்கத்தைக் கவனிக்கவேண்டும். வெயில் எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து 45 பாகைச் சாய்வில் வருவதாகவே வைத்து நிழல் போடுவார்கள். கட்டடம் எந்த ஊரில், எந்தத் திசை பார்த்து நிற்கப் போகிறது என்பது நிழலைத் தொடாது. அழகுக்காக வைத்துக்கொண்ட ஒரு சூரியன் அது.

கணினி வந்தபோது சொல் அப்படியே கணினிக்குள் போனது. 1975 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் புய் துவோங் போங் என்ற வியட்நாமிய ஆய்வாளர், வளைந்த பரப்பில் ஒளி மின்னுவதைக் கணக்கிட எளிய வழி ஒன்றைக் கொடுத்தார். 1980 இல் டேர்னர் விட்டெட், கண்ணிலிருந்து ஒவ்வொரு கதிராகப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று பிரதிபலிப்பையும் நிழலையும் காணும் முறையை வெளியிட்டார். 1986 இல் ஜேம்ஸ் கஜியா, ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி முழுவதையும் ஒரே சமன்பாட்டில் எழுதிக் காட்டினார். இன்று பிளெண்டர், வீ-ரே, லூமியன், ருவின்மோஷன் என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் இவர்கள் திறந்த வழிகளிலேதான் நடக்கிறோம். இவற்றில் பிளெண்டர் இலவசமானது. 2002 முதல் திறந்த மூல மென்பொருளாக இருப்பது. உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத நம் மாணவர்கள் திருட்டுப் பிரதிகளைத் தேடி அலையாமல் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். சொல்லை அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘ரிக்கெற்’, ‘ரெலிபோன்’, ‘ரோச்’ என்று ஆங்கில ‘T’ ஒலியை ரகரத்தால் எழுதிப் பழகிய கை நம்முடையது. அந்த வழக்கில் ‘ரெண்டர்’ என்றால் ஒப்பந்த வேலைக்கு விலை கோருகிற ரெண்டர். வல்லின றகரம் போட்டால் படம், இடையின ரகரம் போட்டால் விலைமனு. ஒரே கட்டடத்துக்கு இரண்டும் உண்டு. ஒரே கடிதத்தில் இரண்டும் வரும். தமிழ்நாட்டு வழக்கில் எழுதுபவர் படத்தை ‘ரெண்டர்’ என்று எழுதினால் இங்கே வாசிப்பவர் விலையைத் தேடுவார்.

தமிழாக்கங்களும் உண்டு. கணினித் தமிழில் சிலர் ‘வழங்கல்’ என்கிறார்கள். கொடுத்தல் என்ற வேர்ப்பொருளுக்கு அது நேரானது. ஆனால் இலங்கையில் வழங்கல் என்றவுடன் நீர் வழங்கல் சபைதான் நினைவுக்கு வரும். ‘வீட்டின் வழங்கல் வந்துவிட்டது’ என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகவே நினைப்பார்கள். ‘காட்சிப்படுத்தல்’ நல்ல சொல். இருந்தாலும் அது விரிந்தது. கண்காட்சியில் பொருளை வைப்பதும், புள்ளிவிவரத்தை வரைபடமாக்குவதும் காட்சிப்படுத்தல்தான். ‘முப்பரிமாணப் படம்’ என்று பலர் சொல்கிறார்கள். முப்பரிமாணம் உள்ளது மாதிரியுருவில், படம் தட்டையானது. வெறும் கோடுகளால் அமைந்த மாதிரியுருவையும் முப்பரிமாணப் படம் என்பதால், இந்தச் சொல் வேறுபாட்டைக் காட்டாது.

நமக்கு வேண்டிய வேறுபாடு பழந்தமிழில் தெளிவாக இருக்கிறது. நெடுநல்வாடையில் அணிகலன் களைந்து வாடியிருக்கும் அரசியை ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் புனையா ஓவியம். அப்படியானால் வண்ணமும் ஒளியும் நிழலும் ஏற்றப்பட்டது புனைந்த ஓவியம். மாதிரியுருவின் வெறுங்கோட்டுக்கும் றெண்டருக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான். ஆகவே ‘புனைபடம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த ‘கிடைப்படம்’, ‘நிலைப்படம்’, ‘அளவிடைப்படம்’ என்ற வரிசையில் இது இயல்பாகப் போய் நிற்கும். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. புனைந்த படம், புனைகின்ற படம், புனையும் படம் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். தூரிகையால் தீட்டிய பழைய படத்தையும், திரையில் நாம் நடக்க நடக்க மாறிக்கொண்டே வருகிற படத்தையும் இந்த ஒரே சொல்லால் சுட்டலாம். வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. ‘புனைப்படம்’ என்று எழுதுவது பிழை.

புனைதலுக்கு அலங்கரித்தல், செய்தல் என்ற பொருள்களோடு இல்லாததை இட்டுக்கட்டுதல் என்ற பொருளும் உண்டு. புனைகதையில் வருவது அதுதான். ‘அது சொல்லுக்குக் குறையாகாதா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பொருளுக்காகவே இந்தச் சொல்லை விரும்புகிறேன். படத்தில் உள்ள சுவர் கட்டடக்கலைஞர் அளந்து வைத்தது. படத்தில் உள்ள வெயிலும் மரமும் வானமும் புனைந்தவை.

வெயிலையே எடுத்துக்கொள்வோம். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் இடத்தைக் குறிக்காமல் விட்டால், அது பிறந்த ஊரான அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்துச் சூரியனே நிழல் போடும். போல்டர் ஏறத்தாழ வடக்கு அகலக்கோடு 40 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் தெற்கிலிருந்துதான். யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, வடக்கே சாய்ந்து, ஓகஸ்ட் கடைசியில்தான் உச்சி வழியாகத் தெற்கே திரும்புகிறது. ஜூன் மாதத்தில் காலை முதல் மாலை வரை வெயில் வானத்தின் வடபாதியிலேயே இருக்கும். வடக்கு விறாந்தையில் குளிர்ந்த நிழலைக் காட்டுகிற படம் அந்த மாதங்களில் பொய்த்துவிடும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் அந்தச் சுவரிலும் யன்னலிலும் நேரே விழும். நாற்சார் வீட்டைக் கட்டியவர்கள் நடுவில் முற்றம் விட்டு, நாலு பக்கமும் தாழ்வாரம் இறக்கியதன் பயனை இந்த மாதங்களில்தான் உணரலாம்.

புனையா ஓவியத்தைச் சொன்ன அதே நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுத்த முறையையும் சொல்கிறது. இரண்டு கோல் நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் திசை கண்டு, நூல் அறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்தார்கள். பாண்டியனின் மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருப்பவை. அந்த நிழலற்ற நண்பகல் நம் முற்றத்துக்கும் சித்திரையில் வருகிறது. மென்பொருளில் ஊரைக் குறிக்கச் சில நொடிகள் போதும். அதைச் செய்யாமல் படம் அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

மரங்களும் அப்படித்தான். மென்பொருளோடு வரும் களஞ்சியத்தில் ஐரோப்பிய இலையுதிர் மரங்கள் நிறைய இருக்கும். பனையும் வேம்பும் தேடிப் பிடிக்கவேண்டும். கொக்குவிலில் கட்டப்போகும் வீட்டின் முன்னால் செம்மஞ்சள் இலையோடு மேப்பிள் மரம் நிற்பதைப் பார்த்தால் மனம் நோகிறது. ஒரு பனையை நல்ல மாதிரியுருவாகச் செய்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பகிர்கிற மாணவர், இந்த ஊர்க் கட்டடக்கலைக்கு உண்மையான தொண்டு செய்தவர் ஆவார்.

2022 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படங்களை இங்கே தனியாகப் பிரிக்கவேண்டும். அவற்றையும் றெண்டர் என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். கட்டளை கொடுத்தால் நொடிகளில் வீட்டின் படம் வருகிறது. ஆனால் அதற்குப் பின்னால் அளந்த மாதிரியுரு எதுவும் இருக்கவேண்டிய அவசியமில்லை. முன்பு கற்ற ஏராளமான படங்களிலிருந்து இப்படித்தான் இருக்கக்கூடும் என்று அது ஊகிக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி, “தம்பி, இந்தச் சன்சேட் எத்தனை அடி வெளியே வருகிறது?” என்று மேசன் கேட்டால் பதில் இல்லை. இதற்கு ‘ஊகப்படம்’ என்ற வேறு பெயர் இருப்பது நல்லது. மாதிரியுருவிலிருந்து கணக்கிட்டு வந்தது புனைபடம். மாதிரியுரு இல்லாமல் வந்தது ஊகப்படம்.

இடிந்த கட்டடங்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். நல்லூர் மந்திரிமனை போன்ற சிதைந்த கட்டடத்தைக் கணினியில் முழுமையாக்கிக் காட்ட இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள்; ஆசைப்படவும் வேண்டும். ஆனால் எஞ்சிய சுவர் எது, பழைய ஒளிப்படத்திலிருந்து எடுத்தது எது, தாங்களே எண்ணிச் சேர்த்தது எது என்று படத்திலேயே தெரியவேண்டும். மரபுரிமையைக் கணினியில் காட்டுவது பற்றி உருவான ‘இலண்டன் சாசனம்’, 2009 இல் வெளிவந்த வடிவிலும், இந்த வெளிப்படைத்தன்மையையே வலியுறுத்துகிறது. அத்தகைய படத்துக்கு ‘மீள்புனைபடம்’ என்று சொல்லலாம்.

அறிவித்தல்களிலும் இந்தச் சொல் இடம்பெறவேண்டும். உலகக் கட்டடக்கலைஞர் மாநாட்டுக்கு 2026 இல் குறிக்கப்பட்ட நகரம் பார்சிலோனா. நாள் ஜூன் 28 முதல் ஜூலை 2 வரை. அந்த நகரத்தின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் கௌடி இறந்து நூறு ஆண்டு நிறைகிற ஆண்டும் அதுவே. கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாடு 1974 முதல் நடப்பது. கொழும்பில் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கிறது. இவற்றின் செய்தி ஆங்கிலத்தில் வந்து, அரைகுறைத் தமிழில் நம் மாணவர்களிடம் சுற்றுகிறது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான சொற்களையும் நூல்களையும் ஆக்கினார். அந்த மண்ணில் ஒரு படத்துக்குப் பெயர் வைப்பது பெரிய காரியமாக இருக்கக்கூடாது.

வேலை இடத்தில் வேண்டிய கிளைச்சொற்கள் இவை. செயலைக் குறிக்கப் ‘புனைதல்’. “படத்தை இரவு புனையவிட்டுப் போகிறேன்” என்று சொல்லலாம். கணக்கிடும் மென்பொருட் பகுதிக்குப் ‘புனைபொறி’. உடனுக்குடன் மாறுவதற்கு ‘உடனடிப் புனைவு’. நிறமும் நிழலும் ஏற்றாத நிலைக்குக் ‘கோட்டுப்படம்’. புனைபடத்தின் கீழ்மூலையில் ஊர், மாதம், நேரம் மூன்றையும் எழுதவேண்டும்: ‘கோண்டாவில், ஜூன், மாலை 4 மணி’.