ரெகே: கந்தலில் பிறந்த சொல்

ரெகே: 1960களின் இறுதியில் ஜமைக்காவில் உருவான இசைவகை. அங்கே அதற்கு முன் இருந்த ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற இரண்டு இசைவகைகளுக்கும் அடுத்து வந்தது.

இந்தச் சொல்லை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோனவர் ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி. ஆனால் முதலில் இசைத்தட்டில் ஏற்றியவர் டூட்ஸ் ஹிபர்ட். 1942இல் மே பென் என்ற ஊரில் பிறந்து, தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். கிதார் வாசிப்பார், பாட்டும் அவரே எழுதுவார். தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்து, ராலி கார்டன், ஜெரி மதையாஸ் இருவரோடு மேட்டல்ஸ் குழுவைத் தொடங்கினார். 1968இல் அவர்கள் வெளியிட்ட 'டூ த ரெகே' பாட்டில்தான் இந்தச் சொல் முதன்முதலில் தலைப்பில் ஏறியது என்பார்கள். 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். கடைசி இசைத்தொகுப்புக்கான கிராமி விருது அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? சீராக உடுத்தாத பெண்ணை 'ஸ்ட்ரெகே' என்று கேலி செய்வார்களாம். அதிலிருந்து வந்தது என்பது ஹிபர்ட் சொன்ன கதை. 1967இல் வந்த ஜமைக்கா ஆங்கில அகராதியோ 'ரெகெ-ரெகெ' என்ற சொல்லைக் காட்டுகிறது. கந்தல் துணி என்று ஒரு பொருள், சச்சரவு என்று இன்னொன்று. (நம் 'ரகளை' நினைவுக்கு வருகிறதா? ஒலி ஒற்றுமை மட்டும்தான், முடிச்சுப் போட வேண்டாம்.) மார்லி இதை 'அரசனின் இசை' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லோடு இணைத்தார். எத்தியோப்பியப் பேரரசரைத் தெய்வமாகக் கொண்ட ரஸ்தாஃபாரி நெறிக்கு அது இனிக்கும். எனக்கென்னவோ கந்தல்தான் நம்பும்படி இருக்கிறது.

தமிழில்? 'துள்ளிசை' என்றால் அது ஸ்காவுக்குத்தான் பொருந்தும். ரெகே துள்ளாது, நிதானமாக அசையும். ஜாஸை ஜாஸ் என்கிற மாதிரி இதையும் ரெகே என்றே விடலாம். 'ரெக்கே' என்று ஒற்றுப் போட்டால் பறவை ரெக்கை ஆகிவிடும், அது வேண்டாம்.

தமிழ்ச்சொல் தேவைப்படுவது இதன் தாளத்துக்குத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். இரண்டிலும் நான்கிலும் கிதார் வெடுக்கென்று வெட்டும். 'ஒன் டிராப்' முறையில் டிரம் முதல் எண்ணிக்கையை வெறுமனே விட்டுவிட்டு மூன்றில் வந்து விழும். நாம் எதிர்பார்க்கும் இடத்தைத் தவிர்த்து விழும் இந்த அடியைத் 'தள்ளடி' எனலாம். 'எதிரடி' என்றும் சொல்லிப் பார்த்தேன், கைகலப்பு வாடை அடிக்கிறது. அகராதி சொல்லும் சச்சரவுக்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கும்.