கத்தியை எடுக்கும் முன் காகிதத்தை நனையுங்கள்

போன மாதம் ஒருவர் ஜப்பானிய மரக்கட்டை முறையில் தான் அச்சிட்ட பன்னிரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். முதல் நான்கில் படகின் நீலம் கோட்டுக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. ஐந்தாவதிலிருந்து விலக ஆரம்பித்து, கடைசித் தாளில் அரை நூல் தள்ளி நின்றது. "கென்தோவைச் சரியா வெட்டலை போல" என்றார்.

கென்தோ என்பது தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் அதே இடத்தில் வைப்பதற்காகப் பலகை ஓரத்தில் செதுக்கும் இரண்டு அடையாளங்கள். அதில் பிழை இருந்தால் பன்னிரண்டு தாளிலும் ஒரே அளவு விலகியிருக்கும். இங்கே விலகல் போகப்போகக் கூடியது. அப்படியென்றால் தாள் காய்ந்திருக்கிறது. வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நிறம் நிறமாக அச்சிடும்போது ஈரம் மாறினால் எவ்வளவு நல்ல கென்தோவும் கைவிட்டுவிடும்.

ஜப்பானிய மரக்கட்டை அச்சைக் கற்க வருகிறவர்கள் கத்திக்கும் செர்ரி மரத்துக்கும் செலவழிக்கிறார்கள். ஈரத்தை யாரும் நினைப்பதில்லை. நான் செய்வது இதுதான்: ஒரு தாள் விட்டு ஒரு தாளுக்குத் தூரிகையால் தண்ணீர் தடவி, அடுக்கி, ஈரச் செய்தித்தாளுக்கு நடுவே பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பலகை வைத்து இரவு முழுக்க விடுவேன். காலையில் தாள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஈரம் பளபளக்கக் கூடாது. அதிகம் நனைந்தால் நிறம் பரவும், நார் பிய்ந்து வரும். தாளின் உறிஞ்சும் தன்மையைக் குறைக்க வஜ்ஜிரமும் படிகாரமும் கலந்து பூசுவார்கள். அந்தக் கலவையின் பெயர் தோசா! கேட்டுச் சிரிக்காத மாணவர் இதுவரை இல்லை. சென்னை வெக்கையில் நனைத்த தாள் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். மிச்சம் இருந்தால் என் வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜில்தான் இருக்கும்.

சரி, கத்திக்கு வருவோம். நான் பார்த்த வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை மழுங்கிய கத்தியால் வந்தவை. கூர் இல்லாவிட்டால் கூடுதலாக அழுத்துகிறோம், அது வழுக்குகிறது. உளியை முன்னே தள்ளும்போது இன்னொரு கை அதன் பாதையில் இருக்கவே கூடாது. பத்து நிமிடம் செதுக்கினால் ஒரு முறை சாணைக்கல்.

தாளின் முதுகைத் தேய்த்து நிறத்தைப் பதிக்கும் பாரென் என்ற வட்டும் தவறாகப் பயன்படுத்தினால் உடம்பைப் படுத்தும். மணிக்கட்டால் தேய்த்தால் ஒரே வாரத்தில் வலி வரும். தாழ்வான மேசையில், தோளிலிருந்து உடல் எடையை இறக்க வேண்டும்.

எண்ணெய் மை இல்லை, தண்ணீரும் அரிசிப் பசையும்தான், அதனால் ஆபத்தே இல்லை என்று நினைப்பதும் தவறு. உகியோ-எ என்ற பழைய ஜப்பானிய அச்சுப் படங்களின் மஞ்சளில் ஆர்சனிக் கலந்த அரிதாரம்கூட உண்டு. இன்றும் நிறப்பொடி அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

இன்னொன்று. ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் தனித்தனி ஆட்கள். பதிப்பாளர் அவர்களை இணைத்தார். ஓவியர் ஹொகுசாய் தன் புகழ்பெற்ற அலைப் படத்தைத் தானே அச்சிடவில்லை. மூன்றையும் ஒருவரே செய்யும் வழக்கம் 1904-இல் யமமோதோ கனாயே செய்த மீனவர் படத்துக்குப் பிறகு வளர்ந்தது. மூன்று தொழிலையும் ஒரே வார இறுதியில் கற்க முயன்று மனம் உடைபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படகுக்காரர் இப்போது படகை ஓரமாக வைத்துவிட்டார். செதுக்காத சமப் பலகையில் வெறும் நீலச் சதுரம் அச்சிடுகிறார். நேற்று ஏழாவது தாள் வரை ஒரே நீலமாக வந்ததாம்.