கன்னியர் மடத்துப் பேயும் நம் வளவுப் பேயும்

காரைக்குடியில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். பேய்ப் படங்களைத் தொழிலுக்காகவும் பார்ப்பேன், பிடித்தும் பார்ப்பேன். கன்னியாஸ்திரிகளை வைத்து வரும் படங்களில் ஒரு காட்சி பெரும்பாலும் இருக்கும். அதுவரை தலைகுனிந்து நடந்த பெண் திடீரென்று கரகரத்த குரலில் மடத்துத் தலைவியைத் திட்டுவாள், பாதிரியாரைக் கேலி செய்வாள். கிராபிக்ஸை விட்டுவிட்டு அவள் பேசுவதை மட்டும் கேளுங்கள். கோபம், ஆசை, ஏளனம். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள் வாயில் வரக்கூடாதவை எல்லாம் பேயின் கணக்கில் எழுதப்படுகின்றன.

இதற்குப் பின்னால் நிஜ வழக்கே உண்டு. பிரான்சில் லூடன் என்ற ஊரில், உர்சுலைன் சபை மடத்துச் சகோதரிகளுக்கு 1632-ல் பேய் பிடித்தது. ஏவிவிட்டவர் என்று மடத்துத் தலைவி கைகாட்டியது ஊர்ப் பாதிரியார் உர்பேன் கிராந்தியேயை. மடத்துக்கு ஆன்ம குருவாக வரும்படி முன்பு கேட்டபோது மறுத்தவர் அவர். பிரான்ஸ் அரசரின் முதன்மை அமைச்சரான கார்டினல் ரிஷ்லியூவின் பகையும் சேர்ந்துகொள்ள, 1634 ஆகஸ்ட் 18-ல் அவரை உயிரோடு எரித்தார்கள். ஏவியவர் போனால் பேயும் போக வேண்டுமே? போகவில்லை, அதன்பிறகும் சில வருடங்கள் ஆடியது. இந்தக் கதையை வைத்து 1961-ல் போலந்திலும் 1971-ல் பிரிட்டனிலும் படம் எடுத்தார்கள். 2018-ல் வந்த ‘தி நன்’ படத்தில் பேயே கன்னியாஸ்திரி உடுப்பில் வரும். நல்ல கற்பனைதான், ஆனால் திடுக்கிட வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, செட்டிநாட்டுக்கு வருவோம். ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று என்னிடம் அழைத்து வரப்படுபவர்களில் புது மருமகள்கள் உண்டு. அடையாளம் தெரியாமலிருக்கப் பலரைச் சேர்த்தே சொல்கிறேன். புருஷன் சிங்கப்பூரில். பகலெல்லாம் “சரிங்கத்தை” தவிர வேறு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், முடியை விரித்துப் போட்டு ஆடுவாள், மாமியாரை “வாடி, போடி” என்பாள். கோடாங்கி வருவார். உடுக்கை அடித்து அவர் கேட்பது, “நீ யாரு? உனக்கு என்ன வேணும்?” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை, பேயைத்தான் கேட்டார்கள். “என்னை எங்க ஊருக்கு அனுப்பு” என்று பேய் சொல்லும். அனுப்புவார்கள். அங்கே நன்றாக இருப்பாள், திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும்.

“அப்போ நடிக்கிறாளா டாக்டர்?” என்பார்கள். இல்லை. தாங்க முடியாத நெருக்கடியில் மனம் தன்னிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து வைத்துவிடும். ஆடியது பலருக்கு ஞாபகமே இருக்காது. திருவிழாவில் சாமி வந்து ஆடி, விபூதி கொடுத்துவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிறவருக்கு என் மருந்து தேவையில்லை.

எல்லாம் மனசுதான் என்றும் நான் முடிவுகட்ட மாட்டேன். நாக்கைக் கடித்திருந்தாலோ, தன்னையறியாமல் சிறுநீர் போயிருந்தாலோ வலிப்பாக இருக்கலாம். காய்ச்சல், தலைவலிக்குப் பின் சில நாட்களில் பேச்சும் குணமும் தலைகீழாக மாறினால் மூளை அழற்சியா என்று உடனே பார்க்க வேண்டும். அதில் ஒரு வகை இளம்பெண்களை அதிகம் தாக்கும், பார்க்க அப்படியே பேய்ப் படம்தான். 2007-ல்தான் மருத்துவம் அதைச் சரியாக அடையாளம் கண்டது. சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள்.

குலசாமியைக் கும்பிட வேண்டாம் என்று யாரிடமும் சொல்வதில்லை. அடி, மிளகாய்ப் புகை, சங்கிலி இவற்றுக்கு மட்டும் என்னிடம் இடமில்லை. பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ல் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

உடனே யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவரிடம் வரும்போது பேய் என்னென்ன கேட்டது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அப்புறம், அந்தப் பெண்ணைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்காருங்கள்.