இறக்கை குட்டையாக இருந்தால் குஞ்சா?

பூச்சி ஒழிப்பு என் தொழில். தீபாவளிக்கு வீடு கழுவும் மாதம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. வருவதெல்லாம் கரப்பான்பூச்சிப் படங்கள். பாதி மங்கல், மீதி செருப்படி பட்டு நசுங்கியவை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "அண்ணே, இது குஞ்சுதானே? இன்னும் இறக்கையே முளைக்கல. பெருசாகறதுக்குள்ள அடிச்சிடலாமா?"

குஞ்சு இல்லை ஐயா. முழுசாக வளர்ந்து, முட்டை போட்டு, பேரப்பிள்ளை பார்த்த பூச்சி அது. இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன், கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

அண்மையில் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் பழைய பலகை அடுக்கு, அதை ஒட்டிக் கோழிக்கூண்டு, ஓரமாக லோங்காங் என்கிற சாக்கடை. ராத்திரியில் சமையலறைப் பக்கம் ஒன்றிரண்டு பூச்சி தென்பட்டிருக்கிறது. கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடு, இறக்கை இல்லை. "குஞ்சு இங்க இருக்குன்னா தாய் அடுப்படிக்குள்ளதான் முட்டை போட்டிருக்கு" என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். செம்பனையில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கிற மருந்தைத் தோட்டத்தில் வேலை செய்யும் மச்சான் ஒரு குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அதை அலமாரி முழுக்க, பால்மாவு டின் இருந்த தட்டையும் விடாமல், அடித்திருக்கிறார்கள். அன்றைக்கே சின்னப் பிள்ளைக்கு வாந்தி. கிளினிக்கோடு போனது அவர்கள் நல்ல நேரம். நான் போய்ப் பலகை அடுக்கைப் புரட்டினேன். பூச்சிகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன, ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. மருந்து அடித்த இடம் ஒன்று, பூச்சி குடியிருந்த இடம் வேறு.

அந்தப் பூச்சியின் பெயர் நியோஸ்டைலோபைகா ராம்பிஃபோலியா. வாயில் நுழையாது. கோலக் கரப்பான் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்து வெப்ப நாடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. நீளம் ஏறக்குறைய நம் 20 சென் காசின் அகலம், சிலது கொஞ்சம் கூட. ஒரு ஜேம் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தலையை மூடி ஒரு கவசம், அதன் பின்னால் வயிற்று வளையங்கள், எல்லாவற்றிலும் இடமும் வலமும் ஒத்துப்போகிற மாதிரி மஞ்சளும் கறுப்புமாகக் கோலம். முதுகின் நடுப்பகுதி மூடியில்லாமல் திறந்தே கிடக்கும். இறக்கை எங்கே என்று தேடினால் நடுமார்பின் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்ன நீள்வட்டச் செதில் இருக்கும். முன்னிறக்கை என்பது அவ்வளவுதான். பின்னிறக்கை கிடையவே கிடையாது.

இப்போது இந்தக் குஞ்சுக் கதைக்கு வருகிறேன். என் பொறுமையைச் சோதிப்பது இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கோழிக்குஞ்சைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. இறக்கை சின்னதாக இருந்தால் வயதும் சின்னது என்று நினைத்துவிடுகிறோம். கரப்பானுக்கு அந்தக் கணக்கு உதவாது. வண்ணத்துப்பூச்சிபோல் புழு, கூட்டுப்புழு என்கிற கட்டங்கள் அதற்கு இல்லை. முட்டைக்கூட்டிலிருந்து வெளியே வரும்போதே கரப்பான் உருவத்தில்தான் வரும். பிறகு சட்டையை உரித்து உரித்துப் பெரிதாகும். வீட்டுக்குள் திரியும் சின்ன ஜெர்மன் கரப்பான் நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களிலேயே வளர்ந்து முடித்துவிடும். லோங்காங்கில் இருக்கும் பெரிய அமெரிக்கக் கரப்பானுக்கு அரை வருடத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கடைசிச் சட்டையை உரித்ததும் வளர்ச்சி நின்றுவிடும். அதன் பிறகு அது சட்டை உரிக்காது, ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அந்தக் கடைசி உரிப்பில் எவ்வளவு இறக்கை வந்ததோ அதோடு சரி. சில இனத்துக்கு வயிற்றைத் தாண்டும் இறக்கை வரும், சிலதுக்கு முக்கால், சிலதுக்கு வெறும் செதில். ஆக, கோலக் கரப்பானுக்கு நாளைக்கு இறக்கை முளைக்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"அப்படின்னா நிஜமான குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. உடம்பின் அளவை நம்பாதீர்கள். கடைசி உரிப்புக்கு முந்தின கட்டத்தில் இருக்கும் அமெரிக்கக் கரப்பான் குஞ்சு, கோலக் கரப்பான் கிழவியைவிடப் பெரியதாக இருக்கும். பார்க்க வேண்டியது இறக்கையின் அடி. குஞ்சிடம் இருப்பது இறக்கை மொட்டு. முதுகுத் தகடே பின்பக்கம் நீண்டு மடல் மாதிரி நிற்கும், இடையில் மூட்டுக் கோடு இருக்காது. வளர்ந்த பூச்சியின் செதில், எவ்வளவு குட்டையானாலும், முதுகுத் தகட்டிலிருந்து ஒரு கோட்டால் பிரிந்து தனி உறுப்பாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் போதும். கைப்பேசிக் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால்கூட பலசமயம் தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளத்துக்கு லென்ஸ்கூட வேண்டாம். வாலில் பழுப்பு நிறத்தில் முட்டைக்கூடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வளர்ந்த பெண் பூச்சி, பேச்சே இல்லை. ஜெர்மன் கரப்பான் அந்தக் கூட்டைக் குஞ்சு பொரிக்கிற நாள்வரை சுமந்து திரியும். அமெரிக்கக் கரப்பானும் கோலக் கரப்பானும் அதை ஏதாவது இடுக்கில் ஒட்டிவிட்டுப் போய்விடும். தாயைக் கொன்றாலும் பலகைச் சந்தில் கூடு பத்திரமாக இருக்கும். "அடிச்சோம், செத்துச்சு, மறுபடி வந்துடுச்சு" என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்தக் கூடுகளின் வேலை.

வாலோரத்தில் இரண்டு கணுக்கணுவான முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து வரும் காற்றசைவை உணர்வது அதுதான். நீங்கள் செருப்பை ஓங்கியதுமே அதற்குச் செய்தி போய்விடும். அந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு மெல்லிய குச்சி இருந்தால் வளர்ந்த பூச்சிகளில் அது ஆண். பறக்க முடியாதே, சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். லிப்பாஸ் குடுங், அதாவது உறுப்பு குறைந்த கரப்பான், மாதிரி ஓடும் என்று மலாய்க்காரர்கள் சும்மாவா சொன்னார்கள்! அப்புறம், வெள்ளையாக ஒரு கரப்பான் தென்பட்டால் புது இனம் என்று படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். அப்போதுதான் சட்டை உரித்திருக்கிறது, சில மணி நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும்.

குடும்ப வகைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரப்பான்கள் எல்லாம் பிளாட்டோடியா என்ற வரிசையைச் சேர்ந்தவை. உலகம் முழுக்க நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனம் உண்டு. வீட்டுக்குள் வந்து தொல்லை கொடுப்பது அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோலக் கரப்பானும் அமெரிக்கக் கரப்பானும் பிளாட்டிடே என்ற ஒரே குடும்பம். ஒன்றுக்கு முழு இறக்கை, இன்னொன்றுக்குச் செதில். இறக்கையை வைத்துக் குடும்பம் பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. கரையானும் இந்தக் கரப்பான் வரிசைக்குள்தான் அடங்கும் என்று 2007இல் மரபணு ஆய்வில் காட்டிவிட்டார்கள். கரையானுக்கும் கரப்பானுக்கும் தனித்தனி பில் போடும் எங்கள் தொழிலில் இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

இணையத்தில் தேடிவிட்டு, "அண்ணே, இது ஓரியண்டல் கரப்பான்" என்று எனக்கே பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. அதன் பெண்ணுக்கும் இறக்கை வெறும் மடல்தான், ஆணுக்கு வயிற்றில் முக்கால் பாகம் மூடும், இரண்டும் பறக்காது. அதனால் படத்தில் குழப்பம் வருவது நியாயம். ஆனால் அது குளிர்ப் பிரதேசத்துப் பூச்சி. உடம்பு ஒரே கறுப்பு அல்லது கரும்பழுப்பு, கோலம் கிடையாது. உங்கள் பலகை அடுக்கில் மஞ்சள் கோலத்தோடு இருப்பது அது இல்லை.

அலமாரி மேல்தட்டிலும் டிவி பின்னாலும் ஜெர்மன் கரப்பான் அளவில், இறக்கைமேல் வெளிர்ப் பட்டையோடு ஒன்று தென்பட்டால் அது பட்டைக் கரப்பான், சுபெல்லா லாங்கிபால்பா. ஆணுக்கு நீள இறக்கை. பெண்ணுக்கு வயிற்று நுனி வெளியே தெரியும் அளவுக்குக் குட்டை. ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டு வகைப் பூச்சி என்று பதறுகிறவர்கள் பலர். புருஷன் பெண்டாட்டிதான், பதறாதீர்கள். இதற்கு ஈரம் அவ்வளவாக வேண்டாம், அதனால் சிங்க்குக்கு அடியில் மருந்து வைத்துப் பயனில்லை.

கோழி வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். கூண்டுக்கு அடியில் எருவும் மண்ணும் கலந்த இடத்தைக் கிளறினால் இறக்கையில்லாத பூச்சிகள் குபுகுபு என்று மண்ணுக்குள் புதையும். உடம்பின் முன்பாதி பளபளப்பாகவும் பின்பாதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது சூரினாம் கரப்பானின் குஞ்சு, பிக்னோசீலஸ் சுரினாமென்சிஸ். இது நிஜக் குஞ்சு, வளர்ந்தால் இறக்கை வரும். பெயரில்தான் சூரினாம், பூர்வீகம் நம் ஆசியப் பக்கம். ஆண் துணை இல்லாமலே பெண் மட்டும் பெருகும் இனம் என்பதால் தப்பித்த ஒன்று போதும், மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிடும். "கோழி கொத்தித் தின்னட்டுமே, நமக்கு வேலை மிச்சம்" என்று விட்டுவிடாதீர்கள். கோழியின் கண்ணில் குடியேறும் ஒரு புழுவை இந்தப் பூச்சிதான் சுமந்து வருகிறது. தின்ற கோழிக்குக் கண் வீங்கி நீர் வடியும், கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், தோட்டத்து மருந்து தோட்டத்தோடு நிற்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், குடிக்கிற போத்தலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நிறம்தான் தெரியும், எழுத்து தெரியாது. நம் நாட்டில் விற்கும் மருந்துக்கு 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். லேபிளின் அடிப்பட்டை நிறத்தையும் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை என்று நஞ்சு குறைந்துகொண்டே போகும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பதிவு எண் எதுவும் இல்லாமல் விற்கும் பூச்சிச் சாக்பீஸை வாங்கித் தரையில் கோடு போடாதீர்கள். தவழும் பிள்ளை அதைத் தொட்டு வாயில் வைக்கும். தப்பித் தவறி மருந்து உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத்தண்ணீர் கொடுக்காமல், லேபிளோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, டாக்டர்கள் அங்கே கேட்டுக்கொள்வார்கள்.

கோலக் கரப்பானுக்கு ஸ்பிரேயைவிடத் துடைப்பம் நல்ல மருந்து. பலகை, பழைய பத்திரிகை, அட்டைப்பெட்டி, வேண்டாத சாக்கு எதையும் சுவரை ஒட்டி அடுக்கி வைக்காதீர்கள். போடவேண்டியதைப் போடுங்கள், வைக்கவேண்டியதைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். முட்டைக்கூடு கிடைத்தால் குப்பையில் எறியாமல் நசுக்குங்கள். பின்கதவுக்கு அடியில் ரப்பர்ப் பட்டை அடியுங்கள், கதவுச் சந்து உங்கள் விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் அவற்றுக்கு அது பெருவாசல். கோழிக்கூண்டைத் தூக்கிக் கட்டி, அடிமண்ணை வாரி அகற்றுங்கள்.

வீட்டுக்குள் இருப்பது ஜெர்மன் கரப்பானோ பட்டைக் கரப்பானோ என்றால் ஜெல், அதாவது கரப்பான் தின்று சாகும் பசை மருந்து, வைப்பது நல்லது. கீலிலும் இடுக்கிலும் கடுகளவு கடுகளவாகப் பல இடத்தில் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஸ்பிரே வாடை பட்ட தீனியைக் கரப்பான் தொடாது, காசும் போச்சு மருந்தும் போச்சு. செத்த பூச்சி, எச்சம், உரித்த சட்டை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதன் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். ஆள் கூப்பிடுவதாக இருந்தால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நசுக்காதீர்கள். போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வையுங்கள், அசையாமல் கிடக்கும். பக்கத்தில் ஒரு 20 சென் காசு, முதுகுப் பக்கம் ஒரு படம், வயிற்றுப் பக்கம் ஒரு படம், எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று ஒரு வரி. குஞ்சா கிழவியா என்று அப்போது நான் சொல்கிறேன்.